பியானோ கலைஞர்களும் பரிசுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபரில் போலந்தின் தலைநகர் வார்சாவில், அந்நாட்டு இசையமைப்பாளர் ஷோப்பான் பெயரிலான பியானோ போட்டி நடந்த மூன்று வாரமும் என் வாட்ஸ்அப்பில் இதே கேள்விகள்தான் வந்துகொண்டிருந்தன. ஆளுக்கொரு பதில் தட்டி விரல் ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிப் போடுகிறேன். மேற்கத்திய செவ்வியல் இசையை மேடையில் பியானோவில் வாசிப்பவர்களைப் பற்றி மட்டும்தான் பேச்சு. ஜாஸ், சினிமா கீபோர்டு எல்லாம் வேறு உலகம்.

எத்தனையோ போட்டி இருக்கிறதே, எதைத்தான் பெரிது என்று எடுத்துக்கொள்வது?

நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஆனால் விவரம் தெரிந்தவர்கள் பேசும்போது நாலைந்து பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். 1927 முதல் வார்சாவில் நடக்கும் ஷோப்பான் போட்டி (ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, ஷோப்பானைத் தவிர வேறு யாருடைய இசையும் வாசிக்கக் கூடாது). மாஸ்கோவில் 1958இல் ஆரம்பித்த சாய்கோவ்ஸ்கி போட்டி. பிரஸ்ஸல்ஸின் குயீன் எலிசபெத். இங்கிலாந்தின் லீட்ஸ். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் ஊரில் நடக்கும் வான் கிளைபர்ன். இதற்கு அடுத்த வரிசையில் டெல் அவிவின் ரூபின்ஸ்டீன், இத்தாலியின் பூசோனி, ஜெனீவா என்று போகும்.

என்னைக் கேட்டால் ஷோப்பான்தான் முதலில். காரணம், எல்லோரும் ஒரே ஆளுடைய இசையை வாசிக்கிறார்கள், அவருடைய அதே ‘பலாட்’ (கதை சொல்வது மாதிரியான பியானோ படைப்பு) ஒன்றை அடுத்தடுத்து பத்து பேர் வாசித்துக் கேட்கும்போது நமக்கே காது தீட்டிக்கொள்கிறது. மூன்றாம் நாள் நாமும் நடுவர் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவோம்.

ஜெயித்தால் எவ்வளவு பணம்?

2025இல் ஷோப்பான் முதல் பரிசு 60,000 யூரோ. 2021இல் அது 40,000. கிளைபர்னில் 2022இல் 1,00,000 டாலர் கொடுத்தார்கள். நம் ஊர்க் கணக்கில் பெரிய தொகையாகத் தெரியும், ஆனால் நாலைந்து வயதிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்து வாசித்த பிள்ளைக்கு அது பெரிய கூலி இல்லை.

உண்மையான பரிசு கச்சேரித் தேதிகள். முடிவு அறிவித்த கையோடு பரிசு பெற்றவர்களின் கச்சேரி, அப்புறம் போலந்து முழுக்க, ஜப்பான், கொரியா என்று பயணம். கிளைபர்ன் போட்டி, பரிசுப் பணத்தோடு மூன்று வருடத்துக்கு மேலாண்மையையும் ஏற்றுக்கொள்கிறது, அதாவது கச்சேரி பிடித்துக் கொடுப்பது, பயண ஏற்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2015இல் ஷோப்பான் போட்டியில் ஜெயித்த சோ சியோங் ஜின்னின் மேடைப் பதிவை டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனம் உடனே வெளியிட்டது, அது கொரியாவில் பாப் இசைத்தட்டுகளோடு போட்டி போட்டு விற்றது.

ஆனால் அந்தத் தேதிகள் இரண்டு மூன்று வருடத்துக்குத்தான் வரும். அதற்குள் ஏற்பாட்டாளர்கள் ‘இவரை மறுபடியும் கூப்பிடலாம்’ என்று நினைக்க வேண்டும். அடுத்த போட்டியில் அடுத்த வெற்றியாளர் தயாராக நிற்பார். பெரிய போட்டிகளில் முதல் பரிசு வாங்கியவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், பாதிப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கே தெரியவில்லை.

நடுவர்கள் எப்படி மதிப்பெண் போடுகிறார்கள்? இசைக்கு மார்க்கா?

மார்க்கேதான். ஷோப்பான் போட்டியில் மூன்று தனி வாசிப்புச் சுற்று, பிறகு ஆர்கெஸ்ட்ராவோடு இறுதிச் சுற்று. ஒவ்வொரு நடுவரும் எண் போடுவார், ‘அடுத்த சுற்றுக்கு அனுப்பலாமா’ என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்றும் எழுதுவார். தன் மாணவருக்கு மட்டும் மார்க் போடக் கூடாது. போட்டி முடிந்ததும் யார் யாருக்கு எவ்வளவு போட்டார் என்ற தாளை வெளியிடுகிறார்கள், அதுதான் ரசிகர்களுக்குத் தீபாவளி.

2015 தாளைப் பாருங்கள். இறுதிச் சுற்றில் சோ சியோங் ஜின்னுக்கு மற்ற நடுவர்களில் பெரும்பாலோர் 9, 10 என்று அள்ளிக் கொடுத்திருக்க, பிரெஞ்சு பியானோ கலைஞர் ஃபிலிப் ஆந்த்ரமோன் போட்டது 1. பத்துக்கு ஒன்று. பள்ளிக்கூடத்தில் விடைத்தாளில் பெயர் எழுதினாலே அதைவிடக் கூட வரும். இரண்டாம் இடம் வந்த கனடாக்காரர் ஷார்ல் ரிஷார் அமலேனுக்கும் சோவுக்கும் இருந்த வித்தியாசம் சில புள்ளிகள்தான் என்பதால், அந்த ஒற்றை 1 கிட்டத்தட்ட முடிவையே புரட்டிப் போட்டிருக்கும். பிற்பாடு வந்த விதிகளில் ஒருவருடைய மார்க் சராசரியிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் விலகினால் அதைச் சராசரிப் பக்கம் இழுத்துச் சரிசெய்கிறார்கள்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இப்படிக் கூட்டிக் கழித்துச் சராசரி எடுக்கும்போது, பத்து பேருக்கு ரொம்பப் பிடித்து ஏழு பேருக்கு அறவே பிடிக்காத ஒருவர் கீழே போய்விடுவார், பதினேழு பேருக்கும் ‘பரவாயில்லை’ என்று தோன்றியவர் மேலே வந்துவிடுவார். சோ விஷயத்தில் அப்படி நடக்கவில்லை, அவர் நிஜமாகவே பிரமாதம். ஆனால் எப்போதும் அப்படி அமையாது.

1980இல் ஏதோ பெரிய சண்டை என்கிறார்களே, என்ன அது?

அந்த வருட ஷோப்பான் போட்டிக்கு யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த இவோ போகொரெலிச்சுக்கு அப்போது 21 வயது. உடையும் வித்தியாசம், வாசிப்பும் வித்தியாசம், எழுதியிருக்கிற வேகத்தையும் சத்தத்தையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வாசிப்பார். நடுவர் குழு இரண்டாகப் பிளந்தது. மூன்றாம் சுற்றோடு அவரை அனுப்பிவிட்டார்கள். 1965இல் இதே போட்டியில் முதல் பரிசு வாங்கிய மார்த்தா ஆர்கெரிச் அப்போது நடுவர், ‘அவன் ஒரு மேதை’ என்று சொல்லிவிட்டுக் குழுவிலிருந்து விலகினார்.

விளைவு என்ன? இறுதிச் சுற்றுக்கே போகாத போகொரெலிச் உலகம் முழுக்கப் பேர் வாங்கி, பெரிய நிறுவனத்தில் இசைத்தட்டு ஒப்பந்தமும் வாங்கினார். முதல் பரிசு வாங்கியவரின் பெயர் அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது.

அவர் வியட்நாமின் டாங் தாய் சோன். அந்தப் போட்டியில் ஜெயித்த முதல் ஆசியர். போர்க்காலத்தில் ஹனோயின் இசைப்பள்ளி குண்டுக்குப் பயந்து கிராமத்துக்கு இடம்பெயர்ந்தபோது அங்கே அம்மாவிடம் பியானோ கற்றவர். போகொரெலிச் கதை சொல்பவர்கள் இவரை ‘அந்த வருஷம் யாரோ ஜெயித்தார்’ என்று தாண்டிப் போய்விடுவார்கள், அது எனக்கு எரிச்சல். 2021இல் ஜெயித்த புரூஸ் லியூ இவருடைய மாணவர். 2025இல் ஜெயித்த எரிக் லூவும் இவரிடம் படித்தவர்தான்.

முதல் பரிசே கொடுக்காமல் விடுவார்களாமே?

ஆமாம். ஷோப்பானில் 1990, 1995 இரண்டு முறையும் முதல் பரிசு யாருக்கும் இல்லை. சாய்கோவ்ஸ்கியில் 1982, 1994, 2007. இத்தாலியின் பூசோனி இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். 2005 ஷோப்பானில் நேர் எதிர்: ரஃபால் பிளெஹாச் முதல் பரிசோடு எல்லாச் சிறப்புப் பரிசுகளையும் அள்ளிக்கொண்டு போக, அவருக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை என்று இரண்டாம் பரிசைக் காலியாக விட்டுவிட்டார்கள்.

தோற்றவர்கள் கதி?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

1905இல் பாரிஸில் நடந்த ஆன்டன் ரூபின்ஸ்டீன் போட்டியில் பியானோப் பரிசை வில்ஹெல்ம் பாக்ஹவுஸிடம் பறிகொடுத்தவர், பிற்பாடு பெரிய இசையமைப்பாளர் ஆன பேலா பார்ட்டோக். 1938இல் பிரஸ்ஸல்ஸில் எமில் கிலெல்ஸ் முதலிடம், ஏழாவது இடம் ஆர்த்துரோ பெனெடெட்டி மிக்கெலாஞ்சலி. பிற்பாடு இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய பியானோ கலைஞர்களில் ஒருவர் என்று பேரெடுத்த அதே மிக்கெலாஞ்சலிதான்.

1990 லீட்ஸ் அரையிறுதியில் பியோத்ர் ஆண்டர்ஷெவ்ஸ்கி, பேத்தோவனின் டியாபெல்லி வேரியேஷன்ஸை வாசித்து முடித்தார், ஒரு மணி நேரம் பிழியும் படைப்பு. அடுத்து வெபர்னின் சின்னஞ்சிறு படைப்பு. அதன் நடுவில் தன் வாசிப்பு தனக்கே பிடிக்காமல் எழுந்து மேடையை விட்டுப் போய்விட்டார். போட்டி அதோடு முடிந்தது, பெயர் அங்கேதான் ஆரம்பித்தது.

2015 சாய்கோவ்ஸ்கியில் பிரான்சின் லூக்கா டெபார்க் நாலாம் இடம். பதினொரு வயதில் ஆரம்பித்து, நடுவில் பியானோவையே விட்டுவிட்டு, சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்து, இருபது வயதில் திரும்ப வந்து ஒழுங்காகப் படித்தவர். மாஸ்கோ விமர்சகர்கள் தங்கள் சங்கத்தின் பரிசை அவருக்குக் கொடுத்தார்கள். அந்த வருடம் முதல் பரிசு டிமித்ரி மஸ்லேயெவுக்கு, ஆனால் நாலாம் ஆளைப் பற்றித்தான் ஊர் பேசியது.

போட்டிக்கே போகாமல் மேலே வர முடியாதா?

முடியும். கனடாவின் கிளென் கூல்ட் 22 வயதில், 1955 ஜனவரி 2 அன்று வாஷிங்டனில் வாசித்தார். கூட்டம் சுமார்தான். வாஷிங்டன் போஸ்ட் விமர்சகர் பால் ஹியூம், இவரைப் போல எந்த வயதிலும் ஒருவரைத் தெரியாது என்கிற அளவுக்கு எழுதினார். ஒன்பது நாள் கழித்து நியூயார்க் டவுன் ஹாலில் கச்சேரி, மறுநாளே கொலம்பியா நிறுவனம் ஒப்பந்தம் பேசியது. ஜூனில் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் பதிவு. எவ்கெனி கிஸ்ஸினும் பெரிய போட்டி எதையும் நம்பி வந்தவர் இல்லை.

இன்னொரு வழி, யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போவது. கேட்க நன்றாக இல்லைதான். 1999இல் சிகாகோ சிம்பொனியோடு வாசிக்க வேண்டிய ஆந்த்ரே வாட்ஸ் வர முடியாமல் போக, அந்த இடத்தில் உட்கார்ந்த 17 வயதுப் பையன் லாங் லாங். 2007இல் பாஸ்டனில் ஆர்கெரிச்சுக்குப் பதிலாக வந்தவர் யூஜா வாங்.

விண்ணப்பமே இல்லாத பரிசு ஒன்று இருக்கிறதாமே?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரிலிருந்து கொடுக்கும் கில்மோர் விருது. நாலு வருடத்துக்கு ஒருமுறை, 3,00,000 டாலர். யாரும் விண்ணப்பிக்க முடியாது. ரகசியமாகப் பெயர்களைப் பரிந்துரைப்பார்கள், குழுவில் உள்ளவர்கள் சாதாரண ரசிகர் மாதிரி டிக்கெட் எடுத்துக் கச்சேரிக்குப் போய்க் கேட்பார்கள். தன்னை ஒருவர் எடை போடுகிறார் என்பதே வாசிப்பவருக்குத் தெரியாது, திடீரென்று ஒருநாள் போன் வரும்.

எனக்கு இதுதான் நியாயமான முறை என்று படுகிறது. போட்டி மேடையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிப்பதும், ஏதோ ஒரு ஊரில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அரை அரங்கத்துக்கு வாசிப்பதும் ஒன்றல்ல. ஒரு கலைஞரின் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்தச் செவ்வாய்க்கிழமைகள்தானே. லைஃப் ஓவே ஆண்ட்ஸ்னெஸ், கிரில் கெர்ஸ்டீன், இகோர் லெவிட், 2024இல் அலெக்சாண்டர் கான்டோரோவ் என்று பட்டியலும் நன்றாக இருக்கிறது. 2002இல் யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? லீட்ஸில் பாதியில் எழுந்து போனாரே, அந்த ஆண்டர்ஷெவ்ஸ்கிக்கு.

கிராமி, கிராமஃபோன் எல்லாம்?

இவை இசைத்தட்டுக்கு, மேடைக்கு இல்லை. கிராமியில் பியானோவுக்கென்று தனிப் பிரிவு கிடையாது, வயலின், கிட்டார் எல்லாம் சேர்ந்து ‘செவ்வியல் தனி வாத்தியம்’ என்று ஒரே பிரிவு. அமெரிக்க ரெக்கார்டிங் அகாடமி உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவார்கள், அதனால் பெயர் தெரிந்தவருக்குச் சாதகம் உண்டு. பியானோ கலைஞர் விளாடிமிர் ஹோரோவிட்ஸ் வாங்கியது மட்டும் 25. 2025இல் ஐஸ்லாந்தின் விக்கிங்குர் ஓலாஃப்சன் கோல்ட்பர்க் பதிவுக்கு வாங்கினார்.

இங்கிலாந்தின் கிராமஃபோன் பத்திரிகை 1977 முதல் விருது கொடுக்கிறது, விமர்சகர்கள் உட்கார்ந்து கேட்டுத் தேர்ந்தெடுப்பது. பிரான்சில் அதே மாதிரி டியாபாசோன் பத்திரிகையின் ‘டியாபாசோன் டோர்’ விருது. புதிதாக எதைக் கேட்பது என்று தெரியாமல் முழிக்கும்போது நான் கிராமி பட்டியலைப் பார்ப்பதில்லை, இந்த இரண்டையும்தான் பார்ப்பேன். 2022 கிளைபர்னில் 18 வயதில் ஜெயித்த யுன்சான் லிம்மின் ஷோப்பான் எத்யூட்ஸ் (பயிற்சிப் படைப்புகள்) பதிவு 2024இல் கிராமஃபோன் பியானோ விருது வாங்கியது. போட்டி இறுதிச் சுற்றில் அவர் வாசித்த ராக்மானினோவ் மூன்றாம் கன்செர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) யூடியூபில் ஒரு கோடித் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள், அதில் ஒரு இருபது தடவை என் கணக்கு.

விமர்சகர்களின் காதை நம்பலாமா?

ஜாய்ஸ் ஹாட்டோ கதையைச் சொல்லிவிடுகிறேன், நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் வாழ்ந்த வயதான பியானோ கலைஞர். புற்றுநோய், பல வருடமாக மேடை ஏறவில்லை. ஆனால் கணவர் நடத்திய சின்னஞ்சிறு நிறுவனத்திலிருந்து அவர் பெயரில் குறுந்தட்டுகள் வந்துகொண்டே இருந்தன, நூற்றுக்கும் மேல், பியானோவுக்கென்று எழுதப்பட்ட கஷ்டமான இசை அத்தனையும். விமர்சகர்கள் உருகிப்போய் எழுதினார்கள். யாருக்கும் தெரியாமல் இப்படி ஒரு மேதையா என்று.

2006இல் அவர் இறந்தார். 2007 தொடக்கத்தில் ஒரு ரசிகர், இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் எத்யூட்ஸை ஹாட்டோ வாசித்ததாக வந்த தட்டைக் கணினியில் போட்டார். ஐட்யூன்ஸ், தட்டில் உள்ள பாட்டுகளின் நீளத்தை வைத்து அது என்ன தட்டு என்று இணையத் தரவுத்தளத்தில் தேடிப் பெயர் காட்டும். காட்டிய பெயர் ஹாட்டோ இல்லை, லாஸ்லோ சிமோன். ஒலி அலைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் அதே பதிவு. அப்புறம் ஒவ்வொன்றாகத் தோண்டத் தோண்ட, எல்லாம் வேறு வேறு கலைஞர்களின் பதிவுகள், சிலவற்றில் வேகத்தை மட்டும் லேசாகக் கூட்டிக் குறைத்திருந்தார்கள். கணவர் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், உண்மையான கலைஞரின் பெயரில் வந்தபோது குறை சொல்லப்பட்ட ஒரு பதிவு, ஹாட்டோ பெயரில் வந்தபோது அதே பேனாவால் புகழப்பட்டிருக்கிறது. நோயோடு போராடும் பாட்டி என்ற கதை காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. விமர்சகர்களை மட்டும் சொல்லி என்ன, நானும் அன்றைக்கு உருகியிருப்பேன்.

பெண்களுக்கு எப்படி?

சாய்கோவ்ஸ்கி பியானோவில் முதல் பெண் வெற்றியாளர் ஜப்பானின் அயாகோ உவேஹாரா, 2002இல், அதாவது போட்டி ஆரம்பித்து 44 வருடம் கழித்து. லீட்ஸில் 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, சோஃபியா குல்யாக். ஷோப்பானில் 1965 ஆர்கெரிச்சுக்கு அடுத்த பெண், 2010இல் யுலியானா அவ்தேயெவா.

அதே ஷோப்பான் போட்டியில் 1949இல் இரண்டு பெண்கள் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்: ஹாலினா செர்னி ஸ்டெஃபான்ஸ்கா, பெல்லா டேவிடோவிச். அந்த வருடம் நடுவர்கள் வாசிப்பவரைப் பார்க்காமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரே ஒரு போட்டியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, சரி. இருந்தாலும் அந்தத் திரையை ஏன் மடித்து வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அரசியல் கலக்குமா?

கலக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1957இல் ஸ்புட்னிக் விட்ட பெருமிதத்தில் இருந்த சோவியத் ஒன்றியம் மறுவருடம் சாய்கோவ்ஸ்கி போட்டியை நடத்த, 23 வயது டெக்சாஸ்காரர் வான் கிளைபர்ன் வந்து ஜெயித்துவிட்டார். அமெரிக்கருக்குக் கொடுக்கலாமா என்று சோவியத் தலைவர் குருஷ்சேவ் வரை கேட்டுத்தான் அறிவித்தார்கள். ஊர் திரும்பியவருக்கு நியூயார்க் தெருவில் காகிதத் துண்டு மழையோடு ஊர்வலம். அவர் பெயரில்தான் 1962 முதல் ஃபோர்ட் வொர்த் போட்டி நடக்கிறது.

2022இல் உக்ரைன் போருக்குப் பிறகு சர்வதேச இசைப் போட்டிகளின் உலகக் கூட்டமைப்பு சாய்கோவ்ஸ்கி போட்டியை வெளியேற்றியது. போட்டி நடக்கத்தான் செய்கிறது, பழைய மவுசு இல்லை.

வாழ்நாள் விருது மாதிரி ஏதாவது?

ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஃபான் சீமென்ஸ் இசைப் பரிசு (2,50,000 யூரோ, பொல்லினி, பிரெண்டல் வாங்கியிருக்கிறார்கள்), ஜப்பானின் பிரீமியம் இம்பீரியாலே. பிரிட்டன் மித்சுகோ உச்சிதாவுக்கு ‘டேம்’, ஆந்த்ராஷ் ஷிஃபுக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தது. வேண்டாம் என்று சொன்னவரும் உண்டு: 16 வயதில் சாய்கோவ்ஸ்கி போட்டியில் ஜெயித்த கிரிகோரி சோகோலோவ், 2015இல் இத்தாலியின் கிரெமோனா விருதை மறுத்தார். முன்பு அதை வாங்கிய ஒரு விமர்சகரின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயர் வருவது அவமானம் என்பது அவர் சொன்ன காரணம்.

நம்ம லிடியன் வாங்கியது?

சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் 2019இல் ஜெயித்தது அமெரிக்கத் தொலைக்காட்சியின் திறமைப் போட்டி, பரிசு 10 லட்சம் டாலர். மேலே சொன்ன எந்தப் பரிசும் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வராது. ஆனால் அது வேறு வகை மேடை, இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அதே மாதிரி ‘என் பொண்ணு டிரினிட்டி எட்டாம் கிரேடு முடிச்சுட்டா’ என்பதும் நல்ல விஷயம்தான், ஆனால் அது தேர்வு, விருது இல்லை. ஷோப்பான் போட்டிக்கு 2025இல் விண்ணப்பித்த 600க்கும் மேற்பட்டவர்களுக்கு எட்டாம் கிரேடு என்பது சின்ன வயதில் எங்கேயோ கடந்து போன ஊர்.

நேரடியாக எங்கே பார்ப்பது?

யூடியூபில் இலவசம். ஷோப்பான் போட்டியின் எல்லாச் சுற்றும் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை இருக்கிறது. காலை அமர்வு வார்சாவில் 10 மணிக்கு, நமக்கு மதியம் 1.30, சாப்பிட்டுவிட்டு உட்காரலாம். மாலை அமர்வு 5 மணிக்கு என்றால் நமக்கு இரவு 8.30. இறுதிச் சுற்றை மட்டும் பார்க்காதீர்கள், பெரும்பாலோர் அதே கன்செர்ட்டோவை வாசிப்பார்கள், தலை சுற்றும். மூன்றாம் சுற்றில் மசூர்க்கா (போலந்து நடனத் தாளத்தில் அமைந்த சின்னப் படைப்பு) வாசிப்பதைக் கேளுங்கள், யார் யார் எப்படி என்று அங்கேதான் தெரியும்.

2025 முடிவு அங்கே நள்ளிரவு தாண்டி வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. இங்கே நான் பால் பாக்கெட் எடுக்க எழுந்தபோது நடுவர்கள் இன்னும் கதவைத் திறக்கவில்லை, நேரலையில் காலியான படிக்கட்டையே காட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது 2030இல்.